மணற்கல்லில் ஒரு பெண்: வாசோ கத்ராக்கியின் வழியில் ஐந்து பிரதிகள்

பத்து வருடங்களாக மரப்பலகையிலும் லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டிலும் செதுக்கி அச்செடுத்து வருகிறேன். கல்லில் செதுக்கியும் அச்செடுக்கலாம் என்று தெரிந்தது கிரேக்க ஓவியர் வாசோ கத்ராக்கியின் படங்களைப் பார்த்த பிறகுதான். வெள்ளைத் தாளில் கன்னங்கரேலென்று நிற்கும் உயரமான பெண்கள், மீனவர்கள், குழந்தையை அணைத்த தாய்மார்கள். அந்தக் கறுப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரே கறுப்பாக இருக்காது. உப்புத் தூவினாற்போலப் பொடிப்பொடியாக வெள்ளை தெரியும். அது கல்லின் மணல். அந்தப் பொடி வெள்ளையை என் கையால் ஒரு தடவையாவது வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இந்தக் கோடையில் ஆறு வாரம் ஒதுக்கி இறங்கிவிட்டேன். வேறு யாராவது முயன்றால் பயன்படட்டும் என்று என் குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கல்லச்சு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது லித்தோகிராஃபி. அது வேறு. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை வழுவழுவென்று தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள மையால் அதன்மேல் வரைவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து அச்செடுப்பார்கள். அந்தக் கல்லில் உளி படாது. கத்ராக்கி செய்தது மர அச்சின் முறை. வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சி நிற்கும் மேட்டில் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது. பலகைக்குப் பதில் கல், மற்றதெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்போடு தொடங்கினேன்.

கல் வாங்கியது தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் கற்களை விற்கும் ஒரு கடையில். ராஜஸ்தானிலிருந்து வரும் மணற்கல் பலகைகள் அங்கே சாய்த்து வைத்திருந்தார்கள். நீளம் 45 செ.மீ., அகலம் 30 செ.மீ., தடிமன் 4 செ.மீ. இருக்கும்படி ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன். எடை பன்னிரண்டு கிலோவுக்கு மேல். நிறத்தைப் பார்த்து வாங்கினேனே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, மேற்பரப்பில் கார்போரண்டம் தூளையும் தண்ணீரையும் விட்டு, இன்னொரு கல் துண்டால் எட்டு எட்டாகச் சுற்றித் தேய்த்தேன். இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாலைகள் இதிலேயே போயின. பள்ளம் அரை மில்லிமீட்டர் இருந்தால்கூட அந்த இடத்தில் மை ஏறாது. இந்த வேலையில் மட்டும் அவசரப்படக் கூடாது.

படம் என்னுடையதுதான். கத்ராக்கியின் எந்தப் படத்தையும் நகலெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பிறந்த எத்தோலிகோவின் பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்தேன். கரையில் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் தண்ணீருக்குள் கால்நட்டு நிற்கும் ஒரு மீனவர் குடிசை, அடிப்பக்கம் தட்டையான ஒரு படகு. எத்தோலிகோ மேற்குக் கிரேக்கத்தில், மெசோலோங்கி உப்பங்கழிக்கு நடுவே சின்னத் தீவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். இரண்டு பக்கமும் பாலம். சுற்றிலும் கழித் தண்ணீர், உப்பளம், மீன்பிடி. 1914-ல் வாசோ லெயோனார்துவாக அவர் பிறந்தது அங்கேதான். அவர் படங்களில் பின்னணி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஆள் மட்டும் நிற்பார், சுற்றிலும் வெறும் வெள்ளை. மேடு பள்ளமில்லாத அந்தக் கழியின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த வெள்ளை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தாற்போல இருந்தது. என் ஊகம்தான்.

சரி, செதுக்கத் தொடங்கினேன். மரத்தில் பழகிய கை என்பதால் பெண்ணின் தலைமுடியை மெல்லிய கோடுகளாக, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் விட்டுச் செதுக்கப் பார்த்தேன். முதல் கோடு நின்றது. இரண்டாவது கோட்டில் உளியை வைத்து லேசாகத் தட்டியதும் முதல் கோடு அப்படியே சர்க்கரைக்கட்டி போல உதிர்ந்துவிட்டது. உளியைச் சாய்த்துப் பார்த்தேன், சுத்தியலை விட்டுவிட்டுக் கையாலேயே அழுத்திப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. மணற்கல் என்பது மணல் மணிகளும் அவற்றை ஒட்டிவைத்திருக்கும் பசையும்தான். மரத்தில் நார் இருக்கிறது. மெல்லிய கோட்டையும் அந்த நார் நீளவாக்கில் பிடித்துக்கொள்ளும். கல்லில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை. கோடு ஐந்தாறு மணி அகலமாவது இருந்தால்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் ஓரத்தில் கொஞ்சம் பலமாகத் தட்டியதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் பெயர்ந்து வந்தது. பெண்ணின் தோளே போய்விட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு, அம்மி ஆட்டுக்கல் கொத்தும் ஒரு பெரியவரிடம் போனேன். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இது அடுக்குக் கல்லும்மா. ஏடு ஏடா கழண்டு வரும். தட்டிப் பாத்துல்ல வாங்கணும்? நல்ல கல்லு கிண்ணுனு கேக்கும். இது பொத்துனு கேக்குது பாருங்க.”

மணற்கல் உண்டானதே படிவு படிவாகத்தான். அந்தப் படிவுகளுக்கு நடுவே பிடிப்புக் குறைவாக இருந்தால் பலகை அந்த வழியாகவே பிளக்கும். பெரியவரையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஏழெட்டுப் பலகைகளைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதே அளவு, கொஞ்சம் வெளிர் நிறம், வரி தெரியாத கல். உளிக்கும் அவர் ஒரு வழி சொன்னார். உருவத்தின் ஓரத்தை நோக்கி ஒருபோதும் வெட்டக் கூடாது. ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத்தான் வெட்ட வேண்டும். மேட்டின் பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கக் கூடாது, மரத்தின் வேர் விரிவதுபோல அடியில் அகன்று இறங்க வேண்டும். “அப்பத்தான் மேல இருக்கறது நிக்கும்” என்றார்.

வரைபடத்தையும் மாற்றினேன். தலைமுடிக் கோடுகள் போயின. தலை ஒரே கறுப்பு வடிவமானது. விரல்களைத் தனித்தனியாகக் காட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, கையை ஒரு நீண்ட பட்டையாகத் தொங்கவிட்டேன். சேலை மடிப்புபோல நான் போட்டிருந்த கோடுகளில் மூன்று மட்டும் மிஞ்சின, அவையும் அகலமாக. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அது கத்ராக்கியின் பெண்களுக்கு உறவுக்காரிபோல நின்றது. அவருடைய உருவங்கள் ஏன் அப்படி அகன்று, நீண்டு, முகத்தில் இரண்டே கோட்டோடு இருக்கின்றன என்று பாணி, கொள்கை என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். அதில் பாதியைக் கல் கேட்டு வாங்கியிருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

அவர் பழகி வந்த பள்ளியை நினைத்தால் இது சின்ன மாற்றமில்லை. 1936 முதல் 1940 வரை ஏதென்ஸ் நுண்கலைப் பள்ளியில் படித்தார். ஓவியத்துக்கு அர்கிரோஸும் பார்த்தேனிஸும். அச்சுச் செதுக்கலுக்கு யானிஸ் கெஃபலினோஸ். கிரேக்கத்தில் மர அச்சுக்கு ஒரு தலைமுறையையே உருவாக்கிக் கொடுத்தவர் கெஃபலினோஸ். தாசோஸ், கிராமதோபுலோஸ் எல்லோரும் அவர் பட்டறையில் வளர்ந்தவர்கள். மெல்லிய கோட்டின் ஆசான் அவர். பழங்கால வெள்ளைத் தைலக் குடுவைகளில் இருக்கும் மயிரிழைச் சித்திரங்களை அச்சில் கொண்டுவர மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1956-ல் ஒரு தொகுதியாக வெளியிட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார். அப்படிப்பட்டவரிடம் படித்த பெண், மெல்லிய கோடே நிற்காத ஒரு கல்லை 1950-களின் நடுவில் கையில் எடுத்தார். ஆசிரியர் கற்றுத்தந்ததில் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று பார்த்தால், கோட்டை விட்டார், ஓரத்தை வைத்துக்கொண்டார். அவர் உருவங்களின் ஓரம் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாது.

கல் செதுக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணற்கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதிலுள்ள சிலிக்கா சிலிக்கோசிஸ் நோயைத் தரும். கல்குவாரித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் இதனால் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறார்கள். கல்லை ஈரமாகவே வைத்துக்கொண்டு செதுக்குங்கள். N95 முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

செதுக்கி முடிக்கப் பதினெட்டு நாட்கள். உருவத்தை ஒட்டிய இடங்களில் 3 மி.மீ. ஆழம் போதும். பெரிய வெள்ளைப் பரப்புகளில் 6 மி.மீ. வரை இறங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தேய்க்கும்போது தாள் தொய்ந்து அடியில் இருக்கும் மையைத் தொட்டுவிடும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிவிடும். இந்தக் கனத்தைத் தூக்கி, நிமிர்த்தி, திருப்பிக்கொண்டிருந்த நாட்களில் கத்ராக்கியின் போர்க்கால மர அச்சுகளைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்தேன். 1940-ல் இத்தாலியோடு போர் மூண்டபோது கெஃபலினோஸின் பட்டறை போர்ச் சுவரொட்டிகள் செய்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் ஏதென்ஸுக்குள் வந்தார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் நகரத்துத் தெருக்களில் மக்கள் விழுந்து செத்தார்கள். கத்ராக்கி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து ரகசிய அச்சு வேலைகளில் இறங்கினார். மரக்கட்டை அதற்குத் தோதானது. பையில் போட்டுக்கொள்ளலாம், சமையலறை மேசையில் மை தடவலாம், யாராவது கதவைத் தட்டினால் அடுப்பில் வைத்துவிடலாம். என் மேசையில் கிடக்கும் இந்தக் கல்லை எங்கே ஒளிப்பது?

அச்செடுப்பதில் எனக்குக் கிடைத்த பாடங்கள் செதுக்கியதில் கிடைத்ததைவிட அதிகம். கறுப்பு ஆப்செட் மையைக் கண்ணாடியில் பரப்பி, ரப்பர் உருளையில் ஏற்றி, கல்லின் மேல் ஓட்டினேன். பத்து தடவை ஓட்டியும் கல் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. மையைக் குடித்துக்கொண்டே இருந்தது. முதல் பிரதி, மழையில் நனைந்த பழைய சுவரொட்டி மாதிரி வெளிறி வந்தது. மறுநாள் கல்லைக் கழுவி, தச்சர்கள் மரச்சாமானுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷை இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டேன். அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. கல்லின் துளைகளை அடைக்கும். இப்போது மை அழகாக நின்றது. இரண்டாவது பிரதி பளிச்சென்ற கறுப்பு. ஆனால் அதைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ இறங்கியது. மணலே தெரியவில்லை! லினோலியத்தில் எடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஐந்து வாரப் பாடும் எதற்காகவோ, அதையே பூசி மூடிவிட்டேன்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அந்தப் பூச்சைத் துடைத்து எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. பிறகு பாலிஷை நான்கு மடங்கு ஸ்பிரிட்டில் நீர்க்க வைத்து ஒரே ஒரு பூச்சு. இதில் துளைகளின் உட்சுவர் மட்டும் நனைந்து அடைபடுகிறது, பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. அடுத்து உருளையை மாற்றினேன். மெத்தென்ற உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கி மையைத் திணித்துவிடும். கெட்டியான உருளை மணிகளின் தலையை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். மையையும் ஆளிவிதை எண்ணெய் கலக்காமல் இறுக்கமாகவே விட்டேன். மெல்லிய படலமாக ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு திசையில்.

தாளுக்கும் இரண்டு சோதனை. கெட்டியான ஓவியத்தாள் கல்லின் மேடுபள்ளத்துக்கு இசையவில்லை. நேபாளத்து லோக்தா தாள் இசைந்தது. மெல்லியது, ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் கிழியாது. அச்சு இயந்திரத்தில் கல்லைக் கொடுத்து உருட்டினால் பிளந்துவிடும் என்ற பயத்தில் கையாலேயே தேய்த்தேன். தாளின் மேல் ஒரு வெண்ணெய்த்தாள், அதன் மேல் எவர்சில்வர் கரண்டியின் முதுகு. மெல்லிய தாளில் ஒரு வசதி உண்டு. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு பின்பக்கமாகவே மங்கலாகத் தெரிய வரும். எந்த இடம் விட்டுப்போயிற்று என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிரதிக்கு இருபத்தைந்து நிமிடம். கத்ராக்கியின் சில படங்கள் மிகப் பெரியவை. அந்த அளவுக் கல்லில் மை ஏற்றித் தாளைப் பதிப்பது எப்பேர்ப்பட்ட உடலுழைப்பு என்பதை என் தோள் இப்போது சொல்கிறது.

மூன்றாவது பிரதியை மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தேன். வந்துவிட்டது. பெண்ணின் மேலாடைக் கறுப்பு முழுக்கப் பொடி வெள்ளை. முழங்காலுக்குக் கீழே கல்லில் கொஞ்சம் கரடான ஒரு பட்டை ஓடியிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. தாளில் அந்த இடம் தண்ணீரின் பளபளப்புப்போல விழுந்திருந்தது. நான் அங்கே தண்ணீர் வரையவில்லை. நான்கும் ஐந்தும் அதே மாதிரி, ஐந்தாவதில் படகின் ஓரம் சற்றே மங்கல். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தாள்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்த நான்கு நாட்களில், உடைந்த முதல் கல்லின் செதில்களை அள்ளி ஒரு வாளியில் போட்டபோதுதான் கத்ராக்கி கூழாங்கற்களில் வரைந்ததுபோல நானும் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 1966 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் கத்ராக்கிக்கு அச்சுக்கலைக்கான டாமரிண்ட் பரிசு கிடைத்தது. (டாமரிண்ட் என்பது லாஸ் ஏஞ்சலஸில் ஜூன் வேய்ன் 1960-ல் தொடங்கிய லித்தோகிராஃபிப் பட்டறை. அது இருந்த தெருவின் பெயரே புளிதான்.) கல்லைச் செதுக்கியவருக்குக் கல்லில் வரைகிறவர்களின் பட்டறைப் பெயரில் பரிசு. உலகமே அவரைத் திரும்பிப் பார்த்த நேரம். அடுத்த வருடம் 1967 ஏப்ரல் 21 அன்று கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இடதுசாரி என்று அறியப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரையும் பிடித்து யாரோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் மரமோ மனிதரோ இல்லாத மொட்டைப் பாறை அது. ரோமாபுரிக் காலத்திலேயே ஆட்களை நாடுகடத்தப் பயன்பட்ட இடம். 1947 முதல் அங்கே அரசியல் கைதிகளை வைத்தார்கள், சிறைக் கட்டடத்தையும் அவர்களைக் கொண்டே கட்டவைத்தார்கள்.

அங்கே அவருக்கு உளி இல்லை, பலகை இல்லை, பட்டறைக் கல் இல்லை. கரையில் கிடந்த கூழாங்கற்களை எடுத்து அவற்றில் வரைந்தார். அந்தக் கற்களில் பல இன்று எத்தோலிகோவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக்கிரமிப்புக் காலத்தில் பைக்குள் அடங்கிய மரக்கட்டை, விடுதலையான காலத்தில் பெரிய கல், சிறைத்தீவில் மறுபடியும் கைக்குள் அடங்குகிற கல். உளுத்தம்பருப்பு அளவு முகத்தை வரைய நான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இந்த மூன்றும் வரிசையாக மனதில் வந்து நின்றன.

கூழாங்கல்லில் வரைவது எனக்கு வரவில்லை. முட்டை வடிவக் கல்லில் நிற்கும் பெண்ணைப் போடப் பார்த்தேன், இடம் போதவில்லை. கால் கல்லின் அடிப்பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது கல்லில் அவளை உட்கார வைத்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டால்தான் கல்லின் வளைவுக்குள் அடங்குகிறாள். மூன்றாவது கல்லில் முகம் மட்டும். ஆப்செட் மையை டர்பன்டைனில் கரைத்து வரைந்தேன். வழுவழுப்பான கல்லில் அது காய ஒரு வாரம் ஆகிறது, அதற்குள் இரண்டு தடவை விரல் பட்டு அழிந்தது. அடுத்த தடவை இந்தியன் இங்க்கில் முயல வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அவரை விடுவித்தார்கள். ராணுவ ஆட்சி 1974 வரை நீடித்தது. அவர் திரும்பி வந்து மறுபடியும் பெரிய கல்லையே எடுத்தார், 1988-ல் ஏதென்ஸில் இறக்கும் காலம் வரை வேலை செய்தார். தீவுக்குப் பிந்தைய படங்களில் மெலிந்து நீண்ட உடல்களும், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் கூட்டங்களும் கூடுதலாக வருவதாக எனக்குப் படுகிறது.

என் கல்லைத் தவிட்டெண்ணெய் விட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, சுவரோரமாக நிற்க வைத்திருக்கிறேன். படுக்கப் போட்டு மேலே எதையும் அடுக்கக் கூடாது என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். ஐந்து பிரதிகளில் மூன்றாவதை அவருக்குக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பெண்ணின் காலடியில் தண்ணீர்போல விழுந்திருந்த அந்த இடத்தில் விரலை வைத்து, “இங்க கல்லு கொஞ்சம் இளசும்மா, அடுத்த வாட்டி அந்தப் பக்கம் பாத்துத் தட்டுங்க” என்றார்.